தூணா, பூச்சா?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இறுதியாண்டில் விடுதி விழாவுக்கு 'வள்ளி திருமணம்' போட்டோம். செயலாளர் நான். கொடுத்த நேரம் 40 நிமிஷம். கணக்குப் போட்டுப் பாட்டையெல்லாம் வெட்டினேன். ஆர்மோனியம் வாசிக்க வந்த பெரியவர், "அப்ப நாரதரும் வள்ளியும் எதை வெச்சுத் தர்க்கம் பண்ணுவாங்க தம்பி?" என்றார். சிரித்து மழுப்பினேன். மேடையில் அந்தக் காட்சி படுத்துவிட்டது.

அப்புறம்தான் இசை நாடகம் பற்றிப் படித்தேன். 18-ஆம் நூற்றாண்டில் அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் கீர்த்தனைகளால் கதை சொன்னது. பின்னாளில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டோடு வசனத்தையும் கோத்தார்; சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனிக்கும் ஆசிரியரானார். அவர் எழுதிய நாடகங்களை இன்றும் ஆடுபவர்கள் ஸ்பெஷல் நாடக நடிகர்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்திப்பார்கள். அவர்களைச் சேர்த்துக் கட்டுவது எல்லோருக்கும் மனப்பாடமான அந்தப் பாட்டுத்தான்.

கட்டிடத்தில் எது தூண், எது வெறும் பூச்சு என்று சொல்லித் தந்தது இந்தக் கல்லூரி. நானோ பூச்சு என்று நினைத்துத் தூணை இடித்தேன். தம்பி தங்கைகளே, நீங்கள் நாடகம் போடும்போது ஒரு பாட்டை வெட்டுமுன் ஆர்மோனியக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.