முகம் காட்டாதவர்களின் குடும்பப் படம்

ஆவணப்படம் எடுப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு முகம். கேமராவுக்கு எதிரே உட்கார்ந்து தன் கதையைச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளே கிடைக்காது என்றால்? அமெரிக்காவின் ஆமிஷ் குடும்பங்களைப் படமாக்கப் போகிற எவருக்கும் இதுதான் முதல் சிக்கல்.

வளர்ந்த பிறகே ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று நம்பிய ஐரோப்பியக் கிறிஸ்தவர்களிலிருந்து, 1693-ல் யாக்கோப் அம்மானைப் பின்பற்றிப் பிரிந்தவர்களின் வழிவந்தவர்கள் ஆமிஷ் மக்கள். இன்று பெரும்பாலோர் பென்சில்வேனியா, ஒஹையோ, இந்தியானா மாநிலங்களில் வாழ்கிறார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, குதிரைவண்டிதான். படத்துக்கு முகம் காட்டி நிற்பது பெருமைக்கு இடம் கொடுப்பது, உருவம் செய்யாதே என்ற வேதக் கட்டளைக்கும் மாறானது என்பது அவர்கள் எண்ணம்.

ஞானஸ்நானம் பெற்றவரைத்தான் சபையின் ஒழுங்கு முழுமையாகக் கட்டுப்படுத்தும். ஆகவே கேமராவுக்கு எளிதாகச் சிக்குபவர்கள் இரண்டு வகை: இன்னும் சபையில் சேராத இளையவர்கள், சேர்ந்தபின் வெளியேறியவர்கள். லூசி வாக்கர் 2002-ல் எடுத்த ‘டெவில்ஸ் பிளேகிரவுண்ட்’ இந்தியானாவின் பதின்வயதினரை மது, போதை, கார் என்று சுற்றும் நாட்களில் காட்டியது. ஆமிஷ் இளையவர்களில் பெரும்பாலோர் கடைசியில் சபையில்தான் சேர்கிறார்கள். படமும் அதைச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பார்த்தவர் மனதில் நிற்பது அந்தக் கூத்துதான். ஓரத்தில் நிற்பவர்களுக்கு முகம் கிடைத்துவிடுகிறது. வீட்டை நடத்தும் தாய் தகப்பன் தூரத்தில் போகும் குதிரைவண்டியாகவே இருந்துவிடுகிறார்கள்.

டேவிட் பெல்டன் இயக்கி, 2012-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ். ஒளிபரப்பிய ‘தி ஆமிஷ்’ இந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறது. அது கையாண்டது, சொல்லப்போனால், வானொலியின் வழி. ஆமிஷ் மக்களின் முகத்தைக் கேட்காமல் குரலைக் கேட்டது. வயலும் வீடும் திரையில் ஓட, குரல் மட்டும் பேசுகிறது. 2006-ல் பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளியில் ஐந்து சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், கொன்றவனின் குடும்பத்துக்கு அந்த ஊர் மக்கள் ஆறுதல் சொல்லப் போனதும் படத்தில் வருகின்றன. அழும் கண்ணை நெருங்கிக் காட்ட வழியில்லை. அதனாலேயே மன்னிப்பைப் பற்றி அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறோம்.

குறையும் அதே வழியில்தான் வருகிறது. ஆமிஷ் என்பது ஒரே சபை அல்ல. பென்சில்வேனியாவின் பிக் வேலி என்ற ஒரே பள்ளத்தாக்கில் மூன்று பிரிவினர் வாழ்கிறார்கள். ஒரு பிரிவினரின் வண்டிக்கூடு வெள்ளை, இன்னொரு பிரிவினருடையது மஞ்சள், மற்றப் பிரிவினருடையது கறுப்பு. லங்காஸ்டர் பக்கம் போனால் சாம்பல் நிறம். வண்டியின் பின்னால் ஒட்டும் ஆரஞ்சு நிற எச்சரிக்கை முக்கோணத்தைப் பல சபைகள் ஏற்கின்றன. ஸ்வார்ட்சன்ட்ரூபர் பிரிவினரோ அது பகட்டு என்று மறுத்து நீதிமன்றம்வரை போனவர்கள். முகமில்லாத குரலைக் கேட்கும்போது அது எந்தச் சபையின் குரல் என்று நமக்குப் பிடிபடுவதில்லை. எல்லாம் சேர்ந்து ‘ஆமிஷ் குரல்’ என்று ஒன்றாகிவிடுகிறது.

தொழிலும் அப்படியே. ஆமிஷ் என்றதும் கேமரா ஏர் பூட்டிய குதிரையைத் தேடுகிறது. ஆனால் வட இந்தியானாவில் ஏராளமான ஆமிஷ் ஆண்கள் தங்கும் வசதியுள்ள சுற்றுலா மோட்டார் வாகனங்கள் செய்யும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். பகல் முழுக்கத் தகப்பன் வயலில் பிள்ளைகளோடு இருக்கும் வீடும், தகப்பன் ஆலைக்குப் போய்விடும் வீடும் ஒன்றாகுமா? குடும்ப வாழ்க்கையைச் சொல்லும் படத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

விலகிப் போனவர்களின் கதையை 2014-ல் ‘தி ஆமிஷ்: ஷன்ட்’ என்று தனிப் படமாகவே பி.பி.எஸ். தந்தது. ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளையைச் சபை விலக்கி வைப்பதில்லை. பெற்றபின் போனவரைத்தான் விலக்கி வைக்கிறது. ஆக, ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் எப்போதும்போல வந்துபோகலாம், இன்னொருவர் விலக்கப்பட்டவராக இருக்கலாம். அந்தத் தாய் 2012 படத்தைச் சேர்ந்தவரா, 2014 படத்தைச் சேர்ந்தவரா? இரண்டையும்தான். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று புகழுரையாகவும் மற்றது புகாராகவும் படலாம். சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரு குடும்பத்தின் கதை.