கருவி சொல்லும் சேதிக்கும் விலையுண்டு

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



முன்பெல்லாம் ரப்பர்ப் பாலையும் செம்பனைக் குலையையும்தான் விற்றார்கள். இன்று சேதியும் விற்பனைக்கு வந்துவிட்டது. மண்ணின் ஈரம் பார்க்கும் கருவி, லாரியில் பூட்டிய கருவி, கையில் கட்டும் கடிகாரம், எல்லாம் இணையம் வழியே ஓயாமல் சேதி அனுப்புகின்றன. இதைத்தான் ‘தரவு’ என்கிறோம். காப்புறுதி நிறுவனத்துக்கும் உரக் கம்பெனிக்கும் அது பயன்படும். பயன்படும் பொருளுக்கு விலையுண்டு அல்லவா?

சரி, முன்பின் தெரியாத இருவர் எப்படி நம்பி வாங்குவது, விற்பது? இங்கேதான் ‘பிளாக்செயின்’ வருகிறது. பால் நிறுத்த கணக்கு கிராணியின் புத்தகத்தில் மட்டும் இருந்தால், அவர் எழுதியதுதான் எடை. அதே கணக்கின் படி ஒவ்வொரு தொழிலாளி கையிலும் இருந்தால்? ஒருவர் திருத்தினாலும் மற்றப் படிகள் காட்டிக்கொடுத்துவிடும். இதுதாங்க பிளாக்செயின்!

2008-இல் சத்தோஷி நாகமோட்டோ என்ற பெயரில் வந்த கட்டுரையிலிருந்து பிட்காயின் பிறந்தது. அதன் கணக்கு முறையே இது. 2017-இல் ஐயோட்டா என்ற அமைப்பு, இதற்கு நெருங்கிய முறையில், கருவித் தரவுக்கென்றே சோதனைச் சந்தை திறந்தது. சிங்கப்பூரின் ஓஷன் புரோட்டோகால், 2020-இல், தரவைத் திறக்கும் அனுமதிச் சீட்டை விற்க வழி செய்தது. தரவு உடையவரிடமே இருக்கலாம். விற்ற கணக்கு மட்டும் ஏட்டில் ஏறும்.

ஆனால், பாலில் தண்ணீர் கலந்தால் ஏட்டுக்குத் தெரியுமா? எடையைத்தான் அது எழுதும். கருவி பொய் சொன்னால் அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும். பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சோதித்ததுபோல், கருவியையும் சோதிக்க ஆள் வேண்டும்.

இன்னொன்று: விற்ற சேதி திரும்பி வராது. கடிகாரம் நம் நாடித்துடிப்பைச் சொல்கிறது. லாரிக் கருவி ஓட்டுநர் எங்கே நின்றார் என்று சொல்கிறது. உழைப்பவரைப் பற்றிய சேதிக்குக் காசு யார் கைக்குப் போகிறது? இதைக் கேட்கத் தெரிய வேண்டும். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. வணிகத்தில் நம் சொந்த விவரங்களைக் கையாள நம் சம்மதம் வேண்டும் என்பது அதன் பொது விதி.

பெற்றோர்களே, கைப்பேசியில் ‘சம்மதம்’ என்று கேட்டால் சட்டென்று தட்டிவிடாதீர்கள். பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாணவர்களே, கணக்கையும் கணினியையும் கருத்தாய்ப் படியுங்கள். ஏடு எல்லார் கையிலும் இருந்து என்ன பயன், வாசிக்கத் தெரியாவிட்டால்?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!