எழுதிவைத்த பெயர் அழியாது



பிழைப்பை நாடித் திருப்பதிக்கும் சித்தூருக்கும் வந்து குடியேறியவர் நாம். நாள்தோறும் திருமலையை நோக்கிக் கைகுவிக்கிறோம். அம்மலையின் வரலாற்றிலே மாதர்க்கு உரிய இடம் யாது என எண்ணிப் பார்த்தோமா?

திருமலைக் கோயிற் சுவரிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. சாமவை என்னும் காடவன் பெருந்தேவி வெள்ளியால் ஒரு திருமேனி செய்வித்து, அணிகளும் நிலங்களும் அளித்த செய்தியை அது கூறுகிறது. அதன் காலம் கி.பி. 966 என்பர். அத்திருமேனியே போக சீனிவாசர் என இன்று வழங்கப்படுகிறது. பின்னர், 1513 இல், கிருஷ்ணதேவராயரின் தேவியரான திருமலைதேவியும் சின்னாதேவியும் இப்பெருமானுக்குப் பொற்கிண்ணங்கள் அளித்தனர்.

இவர்கள் அரசியர், கல்லும் பொன்னும் இவர்களுக்கு எளியவை. எளிய குடியிற் பிறந்த பெண்ணுக்கு என்ன வழி? தரிகொண்டா என்னும் சிற்றூரிலே 1730 இல் பிறந்தவர் வெங்கமாம்பா. இளமையிலேயே கணவனை இழந்தவர். கைம்மைக் கோலம் பூண மறுத்துத் திருமலை சேர்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. தெலுங்கிலே வேங்கடமலையின் மாண்பைப் பாடினார். 1817 இல் மறைந்த அவர் பெயரையே திருமலையின் பெரிய அன்னதானக் கூடம் இன்று தாங்கி நிற்கிறது. அரசிக்குக் கல்வெட்டு, வெங்கமாம்பாவுக்கு ஏடு. இரண்டும் எழுத்தே!

1983 முதல் பெண்களுக்கெனவே ஒரு பல்கலைக்கழகம் திருப்பதியில் விளங்குகிறது. நம் பெண்மக்கள் அங்குப் பயின்று பட்டம் பெறுகின்றனர். பெருமைதான். ஆயினும் ஒரு குறையை இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை.

நம் காலனியிலே கோடி வீட்டுப் பாட்டியார் இருந்தார். பள்ளியிலே தெலுங்கு பயின்ற நம் பிள்ளைகளுக்கு மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து அகரம் கற்பித்தவர் அவரே. சென்ற ஆண்டு அவர் மறைந்தபோது இரங்கல் தீர்மானம் எழுத அமர்ந்தோம். அவருடைய இயற்பெயர் நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை! சங்கப் பதிவேட்டைப் புரட்டினோம். ஆடவர் பெயர்களே இருந்தன, மற்றவரெல்லாம் ‘குடும்பத்தார்’. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சாமவையை அறிவோம். அடுத்த வீட்டுப் பாட்டியை அறியோம். நாணத்தால் தலை குனிந்தோம்.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. வரும் பொங்கலுக்குள் ஒவ்வொரு வீட்டாரும் தம் பாட்டி, தாய், மனைவி ஆகியோரின் பெயரையும், பிறந்த ஊரையும், இங்கு வந்த ஆண்டையும், அவர் ஆற்றிய பணியையும் எழுதித் தருவீர்களாக. பதிவேட்டின் முதற்பக்கத்தைக் கோடி வீட்டுப் பாட்டியாருக்கென விட்டு வைத்துள்ளோம். அவர் பெயரை அறிந்தவர் எவரேனும் முன்வந்து எழுதுவாராயின், அதுவே இவ்விழாவின் பயன்.