பீடத்தண்டைக் காணிக்கையும் மலைமேல் இருக்கும் சகோதரனும்

(அறுப்பின் பண்டிகையை ஒட்டி ஆலங்காயத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் அளித்த செய்தி)



புரட்டாசி முதல் ஆகமன காலம் வரை நம் லுத்தரன் சபைகளுக்கு ஓய்வில்லாத ஆராதனைக் காலம். செப்டம்பர் 29 மிகாவேல் மற்றும் சகல தூதர்களின் திருநாள். அக்டோபர் 31, மார்ட்டின் லுத்தர் 1517-இல் 95 கருத்துரைகளை வெளியிட்டதை நினைவுகூரும் சீர்திருத்தத் திருநாள். அடுத்த நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். இவற்றோடு, அந்தந்தச் சபையின் வசதிப்படி அறுப்பின் பண்டிகை. வாழைத்தாரும் பூசணியும் நெல்மூட்டையும் கோழியும் பீடத்தண்டை வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் களைகட்டும். நல்ல பண்டிகை, நாம் யாவரும் விரும்பும் பண்டிகை.

ஆனால் காணிக்கையைக் குறித்து ஆண்டவர் ஒரு ஒழுங்கைச் சொல்லியிருக்கிறார். மத்தேயு 5-ஆம் அதிகாரம் 23, 24 வசனங்களை வாசித்துப் பாருங்கள். சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று பீடத்தண்டை நினைவு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும். குறையுள்ளவன் நம்மிடம் வருவான் என்று காத்திருக்க அங்கே இடமில்லை. காணிக்கை யார் கையில் இருக்கிறதோ, அவரே எழுந்து போக வேண்டும்.

ஆலங்காயத்தில் இருந்துகொண்டு அந்தச் சகோதரன் யார் என்று நாம் தேட வேண்டியதில்லை. எதிரே ஜவ்வாது மலை நிற்கிறது. அங்கே வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரளத்தார் அல்ல, மலையை ஆளுகிறவர்கள். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நட்சத்திரம் பார்க்க மலையேறுகிற நாம், வழியில் சாமைக் கொல்லையில் நிற்கிறவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

நமக்கும் அவர்களுக்கும் உள்ள கணக்கு பழையது. குரோம் முறை வருவதற்கு முன் இந்த வட்டாரத்துத் தோலைப் பதப்படுத்தியவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். கடுக்காய் காட்டில் விளைந்தது. மலைக்காரர் பொறுக்கி இறக்கியது. புளியும் தேனும் சந்தனமும் அப்படியே கீழே இறங்கின. மேலே ஏறிப்போன கூலி எவ்வளவு? 1895-இல் கிருஷ்ணகிரியிலும் பின்பு ஆம்பூரிலும் மிசௌரி லுத்தரன் மிஷனரிகள் ஊழியம் தொடங்கிய காலத்திலிருந்து, நம் சபைக் குடும்பங்கள் பல இந்தத் தோல் தொழிலின் நிழலில்தான் வளர்ந்தன. ஆகவே இது அயலார் கணக்கு அல்ல.

சந்தனத்தின் பேரால் நடந்ததையும் மறக்கலாகாது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி, இதே மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டையைத் தேடி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அங்கே நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை கிடைக்க 2011 ஆயிற்று. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். இரண்டு தீர்ப்புகளும் வந்தது செப்டம்பர் 29, மிகாவேல் திருநாளில்! நாம் தூதர்களைப் பாடும் நாளில், 31 வருஷம் காத்திருந்த பெண்கள் நீதியைக் கேட்டார்கள்.

மற்ற நாட்டு லுத்தரன் சபைகளும் இதே மாதங்களில் இந்தப் பாடத்தைக் கற்கின்றன. கனடாவில் 2021 முதல் செப்டம்பர் 30 உண்மைக்கும் ஒப்புரவுக்குமான தேசிய நாள். அங்கே நம் சபையாரும் ஆதிக்குடிகளோடு கூடி அதை அனுசரிக்கிறார்கள். சுவீடன் திருச்சபை, சாமி என்னும் ஆதிக்குடி மக்களிடம் 2021 நவம்பர் 24-இல் உப்சாலா பேராலயத்தில் மன்னிப்புக் கேட்டது. 2022 அக்டோபரில் லூலியோவில் மறுபடியும் கேட்டது. வாய்வார்த்தையோடு நில்லாமல், பத்து வருஷத்திற்கு 4 கோடி குரோனர் ஒதுக்கியது. சகேயுவும் தன் பணப்பையைத் திறந்த பிறகுதானே அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னார்?

பழங்குடியினர் நம் தயவுக்காகக் காத்திருக்கும் அயலார் என்றும் எண்ணவேண்டாம். சோட்டாநாக்பூரில் 1850-இல் ஞானஸ்நானம் பெற்ற முதல் நால்வர் உராவோன் பழங்குடியினர். அங்கே எழும்பிய கோஸ்னர் சபை 1919-இல் தன்னாட்சி பெற்றது. லுத்தரன் குடும்பத்தில் அவர்கள் நமக்கு மூத்த சகோதரர்கள்.

அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஒப்புரவு என்றால் என்ன? 2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு தீண்டி ஒரு குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் பெற்ற தாயே பிரேதத்தைச் சுமந்து நடந்தாள். இப்படிப்பட்ட வழியில் இறங்கி வருகிறவர்களை, "இவ்வளவு தாமதமாகவா வருவது?" என்று வாசலில் கடிந்துகொள்வது தகுமா? "நீ, வா, போ" என்னாமல் "வாங்க, உட்காருங்க" என்று சொல்வதே முதல் மருந்து. கூட வந்தவர்களுக்கு ராத்தங்க இடமும் ஒரு வேளைச் சாப்பாடும் இரண்டாவது. திரும்பிப் போக பஸ் காசு மூன்றாவது.

இன்னொன்றையும் அன்போடு சொல்லுகிறோம். "மலையிலிருந்து எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள்?" என்று சில ஆதரவாளர்கள் கேட்கிறீர்கள். ஊழிய வாஞ்சையில் கேட்கிறீர்கள் என்று அறிவோம். ஆனாலும் சிகிச்சைக்கு நாங்கள் அந்த விலையை வைப்பதில்லை. ஆண்டவர் குணமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வரவில்லை; அவர்கள் சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவுமில்லை. கட்டிலண்டை நாங்கள் ஜெபிப்பதும் அவர்கள் சம்மதித்தால் மாத்திரமே.

ஆகையால் இந்த அறுப்பின் பண்டிகைக்கு உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். ஏலத் தொகையில் ஒரு பங்கை மலை நோயாளிகளின் தங்கும் செலவுக்குப் பிரித்து வையுங்கள். மலையிலிருந்து வரும் சாமையையும் புளியையும் பேரம் பேசாமல் நியாய விலைக்கு வாங்குங்கள். சபை மேய்ப்பர்கள் மலை ஊர்ப் பெரியவர்களை அழையுங்கள். பிரசங்கிக்க அல்ல, அவர்கள் சொல்வதைக் கேட்க. அவர்கள் கசப்பாய்ப் பேசினாலும் இடைமறிக்காமல் கேளுங்கள்.

அதன்பின் பீடத்தண்டை திரும்பி வாருங்கள். வைத்துவிட்டுப் போன காணிக்கை அங்கேயே இருக்கும்; அதை ஏற்றுக்கொள்ளும் ஆண்டவரும் அங்கே இருப்பார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.