மஞ்சள் பலகையும் எங்கள் ஒழுங்கையும்

(நூற்றாண்டு விழாவில் சுவிற்சர்லாந்து வாழ் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்திய உரை)



"சுவிஸிலை நடந்து பார்க்கக்கூடிய வடிவான இடங்களைப் பற்றிக் கதையுங்கோ" என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். சந்தோஷமாகச் சம்மதித்தோம். ஆனால் ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த நாட்டுக்குப் போய்ப் பல வருடங்களாக நாங்கள் மலையைச் சமையலறை யன்னலால் மட்டுந்தான் பார்த்தோம். கோப்பை கழுவுகிறபோது தெரியும். நிமிர்ந்து பார்க்க நேரமிராது.

இறுப்பிட்டியில் பிறந்தவர்களுக்கு மலை பழக்கமில்லாதது. ஊர்ப் பெயரில் இருக்கிற 'பிட்டி' என்பதற்கு மேடு என்று பொருள் சொல்வார்கள். அந்த மேட்டில் ஏறி எவருக்கும் மூச்சு வாங்கியதாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதைவிட, எங்களில் பலருக்கு நீண்ட நடை என்றாலே 1991ஆம் ஆண்டு இடப்பெயர்வுதான் நினைவுக்கு வரும். பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்த நடை அது. ஆசைக்கு நடப்பது என்று ஒன்று உண்டென்பது எங்களுக்குத் தெரியாது.

தெரியப்படுத்தியவர்கள் எங்கள் பிள்ளைகள். அங்கே பாடசாலைகளில் வகுப்போடு நடைப்பயணம் கூட்டிப்போகும் நாள் உண்டு. மலைக்கு ஏற்ற சப்பாத்துப் போட்டு அனுப்பும்படி ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். நாங்கள் கோயிலுக்குப் போடும் புதுச் சப்பாத்தைப் போட்டு அனுப்பினோம். பிள்ளை குதிக்காலில் கொப்பளத்தோடு வந்து, "அம்மா, மேலே என்ன வடிவு தெரியுமா, நீங்களும் வாங்கோ" என்றது. அப்படித்தான் நாங்கள் நடக்கத் தொடங்கினோம்.

நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த மஞ்சள் பலகைகள் கண்ணில் பட்டன. நாடு முழுவதும் ஏறக்குறைய 65,000 கிலோமீற்றர் நடைபாதைக்கு அடையாளம் இட்டிருக்கிறார்கள். பூமியை ஒன்றரைத் தடவை சுற்றி வருகிற தூரம் அது. பலகையில் போகவேண்டிய இடத்தின் பெயரும், அதற்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை நிமிடம் என்பதும் இருக்கும். வெறும் மஞ்சள் என்றால் எவரும் நடக்கலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை. நல்ல சப்பாத்தும் நிதானமும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் பாறையும் பனியும் தெரிந்தவர்களுக்குரியது. நாங்கள் அதில் கால் வைப்பதில்லை.

அங்கே வருகிற சகோதரிகளுக்கு நாங்கள் சொல்லக்கூடிய இடங்கள் சில உண்டு. முழங்கால் நோவு உள்ளவர்கள் லவுட்டர்புறுன்னன் பள்ளத்தாக்கில் தொடங்கலாம். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் சமதரை. எழுபத்திரண்டு அருவிகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஸ்ரவுப்பாக் என்ற அருவி ஏறத்தாழ 300 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பாதியில் தூறலாகிக் காற்றோடு போய்விடும். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அதன்கீழ் முதன்முதல் நின்றபோது எங்களில் ஒருவர் "எவ்வளவு தண்ணி வீணாப் போகுது" என்றார். சிரித்தோம். பிறகு ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

கண்டர்ஸ்ரெக் ஊரிலிருந்து தொங்கு வண்டியில் ஏறிச் சிறிது நடந்தால் ஏர்ஷினன் ஏரி. கடல்மட்டத்திலிருந்து 1,578 மீற்றர் உயரத்தில், சுற்றிவரப் பனிமலை நிற்க, நீலப்பச்சை நீர். ஜெனீவா ஏரிக்கரையில் லவோ என்ற திராட்சைத் தோட்டச் சரிவுகள், 2007இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை. படிப்படியாகக் கட்டிய அந்தக் கல்மதில்களுக்கிடையில் நடக்கும்போது நெடுந்தீவின் கல்வேலிகள் நினைவுக்கு வராமல் இருக்காது. வலே மாநிலத்தில் அலெச் பனியாறு, அல்ப்ஸ் மலைகளிலேயே நீளமானது, ஏறக்குறைய 20 கிலோமீற்றர். அதுவும் 2001 முதல் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட அது வருடாவருடம் சுருங்குகிறது. பார்க்க விரும்புகிறவர்கள் பிந்த வேண்டாம்.

உயரமான பாதைகளுக்கு யூலை முதல் செப்ரெம்பர் வரை உகந்த காலம். மழையங்கி, தண்ணீர்ப் போத்தல், இடித்த சம்பலோடு இரண்டு ரொட்டி போதும். கன்றோடு நிற்கும் பசுவைத் தடவப் போகாதீர்கள். நம்மூர்ப் பசுவென்று நினைத்து ஓடி வந்தவர்கள் எங்களிடையே உண்டு. ஆபத்து என்றால் மலைமீட்பு விமானத்துக்கு 1414.

இனி, இந்தப் பேச்சுக்கு நாங்கள் ஏன் சம்மதித்தோம் என்பதைச் சொல்கிறோம்.

அந்தப் பாதைகள் இயற்கையாய் அமைந்தவை அல்ல. 1930ஆம் ஆண்டளவில் யொகான் யாக்கோப் எஸ் என்ற பாடசாலை ஆசிரியர் தமது மாணவர்களோடு கிளவுசன் கணவாய் வழியே நடந்து போனார். மோட்டார் வண்டிகளின் புழுதியும் இரைச்சலும் பிள்ளைகளைத் தெருவோரத்துக்குத் தள்ளின. நடப்பவருக்கென்று தனிப்பாதை வேண்டும் என்று அவர் முயன்றதன் பயனாக 1934இல் நடைபாதைகளுக்கான அமைப்பு உருவாயிற்று. 1979இல் மக்கள் வாக்களித்து நடைபாதையை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 1985இல் இயற்றிய சட்டம், அடையாளம் இட்ட பாதை ஒன்று அழிந்தால் அதற்கு ஈடான இன்னொன்றை ஏற்படுத்த வேண்டும் என்கிறது. பாதை கமக்காரரின் புல்வெளிக்குள்ளாகவே போகும். அவர் படலை வைத்திருப்பார். நாம் திறந்து, நடந்து, திரும்பச் சாத்திவிட்டுப் போகவேண்டும். நிலம் அவருடையது, வழி எல்லோருடையது. ஒரு வாத்தியாரும் அவருடைய பிள்ளைகளும் தெருவோரத்தில் ஒதுங்கி நின்றதிலிருந்து இவ்வளவும் வந்தது.

இந்த விழாவுக்காக வந்த நாங்கள், சின்ன வயதில் பாடசாலைக்கு நடந்த வழியால் ஒருமுறை நடந்து பார்க்க ஆசைப்பட்டோம். பனங்கூடலுக்குள்ளால் ஒழுங்கை, அதன் முடிவில் ஒரு கடப்பு, பிறகு தரவை, தரவையைத் தாண்டினால் பாடசாலை மணி கேட்கும். பாதித் தூரம் போகமுடியவில்லை. ஆளில்லாத வளவுகளில் உடையும் நாகதாளியும் மண்டிக் கிடக்கின்றன. அது காலத்தின் வேலை. ஆனால் ஓரிடத்தில் ஒழுங்கைக்குக் குறுக்கே புது மதில் நிற்கிறது. அது காலம் கட்டியதல்ல. வெளிநாட்டுக் காசில் கட்டியது. கட்டியவர்களில் நாங்களும் உண்டு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். பிறத்தி நாட்டில் பிறத்தியாருடைய புல்வெளியால் உரிமையோடு நடக்கிறோம். சொந்த ஊரில், ஆண்டுக்கு இரண்டு கிழமை வந்து தங்கும் வீட்டுக்காக, நூறு வருடமாகப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு நடந்த வழியை அடைத்திருக்கிறோம். அதனால் இன்றைக்குப் பிள்ளைகள் சுற்றிப் பெருந்தெருவால் போகிறார்கள். கிணற்றடிக்கும் கோயிலுக்கும் போகிற வயதான அம்மாமாரும் அப்படித்தான்.

ஆகையால் எங்கள் கோரிக்கை சிறியது. மேல்வகுப்பு மாணவிகள் ஊரின் ஒழுங்கைகளை நடந்து, அவற்றின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு படம் வரையட்டும். பெயர் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். திறந்திருக்கும் ஒழுங்கைகளின் முகப்பில் பனம்பலகையில் மஞ்சள் பூசி, "பாடசாலை 15 நிமிடம், கடற்கரை 20 நிமிடம்" என்று எழுதி நடுவோம். பலகைச் செலவும் பற்றை வெட்டும் செலவும் எங்களுடையது. மதில் கட்டியவர்கள் இடிக்க வேண்டியதில்லை. ஆள் போகுமளவுக்கு ஒரு கடப்பு விட்டால் போதும். எங்கள் மதில்களில் அந்த வேலைக்கு நாளை காலை மேசன் வருகிறார்.

அடுத்த வருடம் இதே நாளில் பிள்ளைகளோடு அந்த வழியால் நடக்க வருவோம். சுவிஸ் மலைகள் எங்கேயும் போகமாட்டா. வருகிறவர்களை நாங்களே கூட்டிப்போவோம். அதற்கு முன் எங்களுக்கு ஒழுங்கை காட்ட நீங்கள் வாருங்கள். சப்பாத்து வேண்டாம், செருப்புப் போதும்.