பாடும் பட்டன், பேசும் ஜிப்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுங்க, அறிவுரை மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே நான் சட்டை பட்டனைப் பற்றிப் பேசப் போகிறேன். பட்டன், ஜிப், ஊக்கு, கொக்கி ஆகிய இவற்றையெல்லாம் பாட வைக்க முடியுமா என்பதே என் பேச்சின் பொருள். வேட்டி கட்டி வந்திருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். (சிரிப்பு)

முதலில் ஜிப். இன்று நாம் போடுவது போன்ற ஜிப்பை அமெரிக்காவில் கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் உருவாக்கி 1917-ல் காப்புரிமை பெற்றார். அப்போது அதற்கு இந்தப் பெயர் கிடையாது. 1923-ல் குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனி தன் காலணிகளில் அதை வைத்தது. இழுத்தால் 'ஜிப்' என்று சத்தம் வருகிறதே, அதையே பெயராக்கி விட்டார்கள். ஆகப் பிறக்கும்போதே பாட்டோடு பிறந்தது ஜிப்!

அந்தச் சத்தம் எப்படி வருகிறது? சின்ன வயதில் சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி 'டர்ர்ர்' என்று ஓட்டியிருப்பீர்கள். வேகமாக மிதித்தால் சத்தம் உச்சத்துக்குப் போகும். கம்பி ஒவ்வொன்றும் அட்டையைத் தட்டுகிறது; நொடிக்கு எத்தனை தட்டு என்பதுதான் சுருதி. ஜிப்பிலும் இதே கதைதான்.

இப்போது ஒரு கணக்கு. ஜிப் பல்லின் இடைவெளியை மாற்றினால் ஸ்லைடர் ஓடாது. அதனால் பக்கத்திலேயே மேடு மேடாக ஒரு பிளாஸ்டிக் பட்டையைத் தைத்துக்கொள்வோம். நொடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கிறோம் என்று வையுங்கள். மேடுகள் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் நொடிக்கு 200 தட்டு. அதை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், 2 மில்லிமீட்டரில் 300 தட்டு, அது பஞ்சமம். ஒன்றரை மில்லிமீட்டரில் 400, மேல் ஷட்ஜம். ஆனால் 15 சென்டிமீட்டர் ஜிப்பில் கால் நொடியில் கச்சேரி முடிந்துவிடும்! அவசரக்காரர் இழுத்தால் சுருதி ஏறும், சோம்பேறி இழுத்தால் இறங்கும். (சிரிப்பு)

இது வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சாலையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லங்காஸ்டர் நகரில் 2008-ல் சாலையில் கோடு கோடாக வெட்டி, கார் ஓடும்போது ஒரு மெட்டு கேட்கும்படி செய்தார்கள். இடைவெளிக் கணக்கு பிசகியதால் மெட்டு அபஸ்வரமாகி விட்டது. அரை சென்டிமீட்டர் தப்பு என்றாலும் காது மன்னிக்காது ஐயா!

அடுத்து வெல்க்ரோ. நம் காட்டு வழியில் நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்கிறதல்லவா? அதுபோன்ற ஒரு முள்காய் தன் நாயின் ரோமத்தில் ஒட்டியதைப் பார்த்துத்தான் சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் இதைக் கண்டுபிடித்தார். பிரிக்கும்போது 'பர்ர்ர்' என்று வரும் சத்தத்துக்கு எந்த ராகமும் பொருந்தாது. தனி ஆவர்த்தனத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நம் முன்னோர் உடம்பில் மாட்டிய ஒலிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தவழும் குழந்தைக்கு அரைஞாணில் மணி, நடக்கும் குழந்தைக்குக் கொலுசு. அழகுக்கு மட்டுமா? அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்கு, பிள்ளை வாசற்படி தாண்டியதைச் சொல்லும் தந்தி அது. நம் காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தைக்கு வரும் மாட்டின் கழுத்து மணியும் அப்படித்தான். மேய்ச்சல் காட்டில் புதருக்குப் பின்னால் மாடு நிற்கும் இடத்தை அது காட்டிக் கொடுக்கும். நம் ஊரில் அணிகலன் பாடியது மட்டுமல்ல, சேதியும் சொன்னது.

அப்படியானால் பட்டன் என்ன சேதி சொல்லலாம்?

விடுதியில் எனக்குப் பக்கத்து அறையில் பார்வையில்லாத நண்பர் ஒருவர் இருந்தார். படிப்பில் எங்களையெல்லாம் விழுங்கிவிடுவார். தினமும் காலையில் கதவைத் தட்டி, "சட்டை சரியா இருக்கா, பாரு" என்பார். கீழிருந்து மேலே பட்டன் போட்டால் தப்பு வராது என்று அவரேதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். இருந்தாலும் கேட்பார். ஒரு நாள் சொன்னார்: "புஸ்தகம் வாசிச்சுக் காட்டச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சட்டைக்குக் கேட்கத்தான் கூச்சமா இருக்கு." அந்த வார்த்தை என் மனதில் தைத்துவிட்டது.

அவருக்காக நான் நினைத்து வைத்திருக்கும் சட்டை இது. ஆறு பட்டன், மோகன ராகத்தின் ஆரோகணம்: ச, ரி, க, ப, த, மேல் ச. ஒவ்வொரு பட்டனிலும் வெவ்வேறு அளவுள்ள சிறு மின்தடை. காஜா ஓரத்தில் மின்சாரம் கடத்தும் நூல். சரியான காஜாவில் சரியான பட்டன் விழுந்தால் அதன் ஸ்வரம் வரும். மாறி விழுந்தால் அபஸ்வரம். ஆறும் சரியாக ஏறினால் சட்டை சரி! பாட்டு பாடும் வாழ்த்து அட்டைக்குள் இருப்பது போன்ற ஒரு சில்லும், பட்டன் செல்லும், சிறு ஒலித்தகடும் போதும். மின்நூலால் துணியில் தைக்கும் 'லிலிபேட்' என்ற சிறு கணினிப் பலகையை லியா பியூக்லி என்ற அம்மையார் உருவாக்க, அது 2007-லேயே விற்பனைக்கு வந்துவிட்டது.

இதில் சிக்கல்கள் உண்டு. வியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும். துவைக்குமுன் செல்லைக் கழற்ற வேண்டும். கழற்றும் இடமும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சிக்கல், சட்டை பாடுவது ஊருக்கே கேட்டால் அவருடைய கூச்சம் இரண்டு மடங்காகும். எனவே அவருக்கு மட்டும் கேட்கும் அளவுக்குச் சன்னமாக இருக்க வேண்டும். அல்லது ஒலிக்குப் பதில் விரலில் ஒரு சிறு அதிர்வு. இதை நாமாக முடிவு செய்யக் கூடாது. போடுகிறவரைக் கேட்க வேண்டும்.

மாணவக் கண்மணிகளே, இயற்பியல் துறையில் இருவர், கணினித் துறையில் இருவர் சேருங்கள். நல்ல தையல்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காஜா விஷயம் அவருக்குத்தான் தெரியும். செலவுக்கு எங்கள் வகுப்பு நண்பர்கள் பொறுப்பு. என்ன, கைதட்டலைக் காணோமே? (பலத்த கைதட்டல்)

அடுத்த ஒன்றுகூடலுக்கு அந்தச் சட்டையோடு வாருங்கள். போட்டுப் பார்க்க என் நண்பர் இப்போதே தயார். அவர் பெரிய சங்கீத ரசிகர். தைவதம் இறங்கினால் சட்டையைத் திருப்பித் தந்துவிடுவேன் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்!