நடுவயதும் உடல்வலிமையும்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே வைத்தியரிடம் விரையும் பெற்றோர், தமது கால்கள் படியேறத் தயங்குவதைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொள்கின்றனர். வயதாகிவிட்டது, என்ன செய்வது என்பதே அவர்கள் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம். அந்தச் சமாதானம் எவ்வளவுக்கு உண்மையானது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

மனித உடலின் தசை முப்பது வயதளவில் அதன் உச்சநிலையை அடைகின்றது. அதன்பின் உரிய வேலை கொடுக்கப்படாவிடின், பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 வீதம் வரை அது தேய்ந்து செல்கின்றது. அறுபதைத் தாண்டிய பின்னர் தேய்வு மேலும் விரைவுபடுகின்றது. இதனாற் குறைவது வலிமை மாத்திரமன்று. உணவிலிருந்து குருதியிற் சேரும் வெல்லத்தின் பெரும்பகுதியை உள்வாங்குவன தசைகளே. எனவே, தசை தேய்ந்த உடலில் நீரிழிவு எளிதிற் குடிபுகும். தெற்காசிய மக்களையோ அந்நோய் மேனாட்டாரிலும் இளைய வயதில், பெரிதும் பருக்காத உடலிலுங்கூடப் பற்றுகின்றது.

முன்னாளில் இத்தேய்வைத் தடுப்பதற்குத் தனிப்பயிற்சி வேண்டப்படவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்து நீரிறைத்தார். வீடுகளில் உரலும் உலக்கையும் அம்மியும் ஓயாது இயங்கின. இன்று அவ்வேலைகளை இயந்திரங்கள் செய்கின்றன. இயந்திரங்கள் வந்தமை குற்றமன்று. அவை மிச்சப்படுத்திய உழைப்பை உடலுக்கு வேறொரு வழியில் ஈடுசெய்யாமையே குற்றம்.

இதனை உணர்ந்து மீண்டும் பயிற்சியைத் தொடங்குவோரும் உளர். ஆனால், அவர்களுட் பலர் ஒரு மாதமேனும் நிலைப்பதில்லை. காரணம் யாது? இளமையில் ஐம்பது தண்டால் எடுத்த ஒருவர், இருபது ஆண்டு இடைவெளியின் பின், முதல் நாளிலேயே அந்த ஐம்பதை எட்ட முயல்கின்றார். மறுநாள் கையை உயர்த்த முடிவதில்லை. தோள்மூட்டு வலி பல கிழமைகள் நீடிக்கின்றது. இனி இது நமக்கு ஆகாது என்று கைவிடுகின்றார். அவரைத் தோற்கடித்தது வயதன்று. விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம் என்ற எண்ணமே.

இதன் உண்மையை உடலின் இயல்பு விளக்கும். பயிற்சி தொடங்கிய முதற்சில கிழமைகளில் வலிமை கூடுவது தசை பெருத்ததனாலன்று. தசையை ஏவும் நரம்புகள் மீண்டும் தம் தொழிலைப் பழகிக்கொள்வதனாலேயே. தசையும் பழமையை எளிதில் மறப்பதில்லை. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், சுண்டெலிகளின் தசை வேலை மிகுதியாற் பெருத்தபோது புதிதாகச் சேர்ந்த கலக்கருக்கள், தசை மீண்டும் சிறுத்த பின்னரும் அழியாதிருக்கக் கண்டனர். ஆனால், தசையை என்போடு பிணைக்கும் நாண்களோ மெதுவாகவே உறுதி பெறுவன. முன்பு பழகியவரின் தசை விரைந்து திரும்பிவிடும். நாண்கள் பின்தங்கி நிற்கும். இந்த இடைவெளியிலேதான் காயம் நேர்கின்றது. ஆகவே, மீளத் தொடங்குவோர் தம்மால் இயலும் என்று தோன்றுவதிற் பாதியளவோடு தொடங்குதல் வேண்டும்.

சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டும் இம்முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர் தோமஸ் டெலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப் போரிற் காயமுற்று, முழங்கால் வலுவிழந்த வீரருக்கு அளந்த பாரங்களைத் தூக்கக் கொடுத்து, அவர் கண்ட பயனை 1945 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இதற்கு வீட்டிலுள்ள பொருள்களே போதும். கைகளை ஊன்றாது கதிரையிலிருந்து எழுந்து அமர்தல் தொடைக்கு உரியது. சுவரிற் கையூன்றித் தண்டால் எடுத்தல் மார்புக்கும் தோளுக்கும் உரியது. அது எளிதானதும் மேசை விளிம்பிலும், பின்னர் தரையிலும் செய்யலாம். நீர் வாளியை நிலத்திலிருந்து முதுகு வளையாது தூக்கி நடத்தல் முதுகையும் கைப்பிடியையும் உறுதியாக்கும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே, நீரை அளந்து ஊற்றினால், இரும்புப் பாரத்தைப் போலவே அளவறிந்து கூட்டிச் செல்லலாம். ஒவ்வொன்றையும் எட்டுமுறை, இரண்டு தடவை செய்க. இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்ற நிலையிலேயே நிறுத்துக. பன்னிரண்டு முறை எளிதாகும்போது ஒரு லீற்றர் கூட்டுக. தூக்கும்போது மூச்சை அடக்காது வெளியே விடுதல் வேண்டும். குருதியமுக்கமோ இருதய நோயோ உடையவர் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

பெற்றோருக்கு நேரம் ஏது எனலாம். கிழமைக்கு இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றே உலக சுகாதார தாபனம் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. நாளொன்றுக்கு இருபது நிமிடம் என்று கொண்டாலும், பிள்ளை மேசையிலிருந்து பாடம் எழுதும் நேரமே போதுமானது.

ஓயாது வீட்டுவேலை செய்யும் தாய்மாருக்கு இது வேண்டியதில்லை என்பதும் பிழையான கருத்து. அவர்களுடைய வேலை களைப்பைத் தரும். ஆயினும், உடல் பழகிப்போன பாரம் உடலை மேலும் வளர்ப்பதில்லை. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் என்பு விரைவாக அடர்த்தி குறையும். அதனைத் தாங்கி நிறுத்துவதற்குப் படிப்படியாகக் கூடும் பாரம் துணைசெய்யும். அதற்கான இருபது நிமிடத்தைத் தாய்க்கு ஒதுக்கிக் கொடுப்பது வீட்டிலுள்ள மற்றையோர் கடன். தசை வளர்வதற்கு வேண்டிய புரதமும் அவருடைய தட்டுக்கு வந்து சேர்தல் வேண்டும். மீனும் முட்டையும் பயறும் கடலையும் பிள்ளைகளுக்கு மட்டும் உரியனவல்ல.

காலம் கடந்துவிட்டது என்று அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர், முதியோர் பராமரிப்பில் வாழ்ந்த, தொண்ணூறு வயதளவினரான பத்துப்பேருக்கு எட்டுக் கிழமைகள் பாரப்பயிற்சி அளித்ததை வெளியிட்டனர். முடிவுவரை நிலைத்த ஒன்பதின்மரின் கால்வலிமை சராசரியாக 174 வீதம் கூடியிருந்தது. தொண்ணூறில் இயலுவது நாற்பத்தைந்தில் இயலாதா?

எழுபது வயதிற் பிறர் கைபிடியாது எழுந்து நிற்பதும், கிணற்றடிக்குத் தனியே சென்று வருவதும் அந்த வயதில் வந்து கற்கும் வித்தைகளல்ல. அவற்றுக்கான முதலை நடுவயதிலேயே சேர்த்தல் வேண்டும். பிள்ளைகளுக்காக நிலமும் பணமும் தேடும் பெற்றோர், பிற்காலத்தில் அவர்களுக்குப் பாரமாகாத உடலையும் அத்தேட்டத்துட் சேர்த்துக்கொள்வார்களாக. இன்று மாலை ஒரு கதிரையும் ஒரு சுவரும் போதும்; வாளி அடுத்த கிழமைக்கு இருக்கட்டும்.